ஜஸ்ட் இன் டைம்: நம் ஊர் யூனிட்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய கம்பெனி 'ஜஸ்ட் இன் டைம்' முறையில், அதாவது தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் வரும்படி, சரக்குக் கேட்டதும், கோவைப் பக்கத்து யூனிட்டுகளில் பலர் முதலில் கைவைப்பது ஸ்டாக்கில்தான். அதுதான் பெரிய தவறு. டொயோட்டாவால் குறைந்த ஸ்டாக்கில் ஓட்ட முடிந்ததற்குக் காரணம், பிரஸ்ஸில் டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும் வேலையை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்ததுதான். செட்டிங் மாற்றவே அரை ஷிப்ட் ஆகும் மெஷினில் மூன்று வகை ஹவுசிங்கை (மற்ற பாகங்கள் உட்காரும் உலோகக் கூடு) தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி ஓட்டுவது? ஒரே வகையை ஓட்டிக் குவிப்போம், கம்பெனியின் அசெம்பிளி லைன் கேட்பது வேறு வகையாக இருக்கும்.

செட்டிங் நேரமும் ரிஜெக்‌ஷனும் குறையும்வரை காஸ்டிங்கில் (வார்ப்புப் பாகங்களில்) சில நாள் இருப்பு கட்டாயம் வேண்டும். உள்ளே இருக்கும் ப்ளோ ஹோல் (வார்ப்பில் வாயு அடைபட்டு விழும் ஓட்டை) பெரும்பாலும் மெஷினிங் முடிந்த பிறகுதான் கண்ணில் படும். அப்போது மாற்றுப் பீஸ் இல்லையென்றால் லாரி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் பேக்கிங். இடது, வலது பீஸ்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இந்த முறையில் ட்ரே பெரும்பாலும் நேராக லைனுக்கே போய்விடும், நடுவில் பிரித்துப் பார்க்க ஆள் கிடையாது. தப்பான பீஸ் உட்காராதபடி ட்ரேயில் குழி அமைத்துவிடுங்கள்.

முழு லோடு சேரட்டும் என்று வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பக்கத்து யூனிட் சரக்கையும் சேர்த்து ஏற்றலாம். ஓசூர் போகும் வண்டி சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே ஒரு விபத்து நடந்தால் போட்ட கணக்கெல்லாம் போச்சு, அதனால் அந்த நேரத்தையும் சேர்த்தே வண்டியைக் கிளப்புங்கள். வழியில் பழுதாகி வேறு வண்டிக்கு லோடு மாற்றினால், இ-வே பில்லின் (ஜிஎஸ்டி-யில் சரக்கு போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) பகுதி பி-யில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். ராத்திரி 2 மணிக்கும் போன் எடுத்து அதைச் செய்ய ஒருவர் இருக்க வேண்டும்.

பிளேட்டிங்குக்கு (பாகத்தின் மேல் உலோகப் பூச்சு போடுவதற்கு) ஒரே இடத்தை நம்புவதும் ஆபத்து. 1997 பிப்ரவரி 1-ல் ஜப்பானில் ஐசின் என்ற உதிரிபாகக் கம்பெனியின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டாவுக்கான ஒரு பிரேக் வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் போனது. சில நாட்களுக்கு டொயோட்டா லைன்களே நின்றன. மற்ற சப்ளையர்கள் டிராயிங்கை வாங்கித் தங்கள் மெஷின்களில் ஓட்டிக் கொடுத்துத்தான் மீண்டார்கள்.

பொங்கலுக்கு நம் பவுண்டரிகள் நாள் கணக்கில் மூடியிருக்கும், சரக்கு வாங்கும் புனே கம்பெனியில் லைன் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பக்க விடுமுறைப் பட்டியலையும் மார்கழி பிறக்கும்போதே ஒப்பிட்டு, அந்த நாட்களுக்கான சரக்கை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.