எல்லா இடத்திலும் 'போயிட்டு வரேன்' சொல்லாதீங்க

கல்யாணச் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, வாசலில் நின்றவர் ஒரு வார்த்தை 'வாங்க' என்று கேட்கவில்லை என்றால் எங்கள் தர்மபுரிப் பக்கம் அது பத்து வருஷத்துக்குப் பேச்சாக ஓடும். வணக்கம் வைத்தாரா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, 'வான்னு கேட்டாங்களா' என்பதுதான் கேள்வி. அதனால், ஊரிலிருந்து வந்த பெரியப்பாவைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதெல்லாம் மேடைக்குச் சரி, வீட்டு வாசலுக்கு 'வாங்க பெரியப்பா' தான். இந்த ஊர் தகடூராக இருந்த காலத்திலேயே இதற்குப் பாட்டு உண்டு: ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல நாள் பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அதியமான் முதல் நாள் போலவே ஆசையோடு வரவேற்பான் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். (மூன்றாம் நாளே முகம் மாறிவிடும் நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்.)

கிளம்பும்போதும் அதே 'வா' தான். 'போறேன்' என்றால் பாட்டி விடமாட்டார், 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்தி, சொன்ன பிறகுதான் செருப்பு மாட்ட விடுவார். இது தமிழுக்கு மட்டும் உள்ள பண்பு என்று பெருமையடிக்கவும் வேண்டாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள், கன்னடத்தில் 'ஹோகி பர்த்தீனி', தெலுங்கில் 'போயி வஸ்தானு', எல்லாம் சொல்லுக்குச் சொல் போய் வருகிறேன்தான்.

ஆனால் துக்க வீட்டில் இதைச் சொல்லவே கூடாது. பாலக்கோட்டில் ஒரு சாவு வீட்டில் பழக்கதோஷத்தில் 'போயிட்டு வரேங்க அத்தை' என்று சொல்லிவிட்டேன், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். இதே காரியத்துக்கு மறுபடியும் வருவேன் என்று அர்த்தமாகிவிடுகிறதே! அங்கே எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதேபோல, வெளியே கிளம்பி நிற்பவரிடம் 'எங்க போறீங்க' என்று கேட்காதீர்கள், போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேளுங்கள்.

அப்புறம் வணக்கம். வணங்கு என்றால் வளைவது, நமஸ்காரத்தில் உள்ள நமஸ் என்பதும் வளைந்து பணிவதுதான். எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒரே குனிவைத்தான் குனிகிறார்கள். 'காலை வணக்கம்' குட் மார்னிங்கைப் பார்த்து வந்தது, வணக்கத்துக்கு நேரம் காலம் தேவையில்லை. தயவுசெய்து 'வனக்கம்' என்று மட்டும் எழுதாதீர்கள், வனம் காடு.

வாட்ஸப்பில் சுற்றும் கதை ஒன்று, போனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ, அதனால்தான் ஹலோ சொல்கிறோமாம். பெல் 1877இல் கட்டிக்கொண்டது மேபல் ஹப்பர்டை. அவருக்குப் பிடித்த சொல்லும் ஹலோ இல்லை, கப்பல்காரர்கள் கூவும் 'அஹாய்'. அதே 1877இல் ஒரு கடிதத்தில், போனில் ஹலோ என்று கூப்பிட்டால் போதும் என்று எழுதியவர் எடிசன்.

டாட்டாவுக்கும் டாட்டா கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. அது இங்கிலாந்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மழலை, 19ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. போன வாரம் அண்ணன் மகள் வாசலில் நின்று கையாட்டி டாட்டா சொல்லிவிட்டு வண்டியில் ஏறப் போனாள். பாட்டி அவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

"டாட்டா இருக்கட்டும், போயிட்டு வரேன்னு சொன்னியா?"