ஹாப்ஸ் இரண்டு வகுப்பிலும் வருவார்

தத்துவத்தையும் சர்வதேச உறவுகளையும் சேர்த்துப் படிக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஸ்காட்லாந்தில். அங்கே இளங்கலை நான்கு வருடம், வருடத்துக்கு 120 கிரெடிட். முதல் இரண்டு வருடம் மூன்றாவதாக ஒரு பாடத்துக்கும் இடமுண்டு. நான் பொருளாதாரம் எடுத்தேன், அதை விடுங்கள்.

லாஜிக்கைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

ஒரே ஆள் இரண்டு வகுப்பிலும் வந்தால் மூலத்தையே எடுத்துப் படியுங்கள். எங்கள் சர்வதேச உறவுகள் வகுப்பில் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் ஒரே ஸ்லைடில் முடிந்துவிட்டார்: நாடுகளுக்கு மேலே அதிகாரம் கிடையாது, ஆகவே ஓயாத போர்நிலை. 1651இல் வந்த அவருடைய ‘லெவயதன்’ நூலின் 13ஆம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். அரசர்கள் ஆயுதத்தோடு முறைத்துக்கொண்டு நின்றாலும் தங்கள் குடிகளின் தொழிலைக் காக்கிறார்கள், அதனால் அரசில்லாத தனிமனிதர்களுக்கு நேரும் அவலம் அங்கே நேர்வதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஸ்லைடு விட்ட பாதி அது. எனக்கு ஒரு முழுக் கட்டுரை கிடைத்தது.

கட்டுரை எழுதுவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். என் முதல் தத்துவக் கட்டுரை, லிபியா மீதான ஐ.நா. வாக்கெடுப்பில் சில நாடுகள் விலகியது சரியா என்பது பற்றியது. மூன்று பக்கம் வரலாறு எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால், “எல்லாம் சரி, வாதம் எங்கே?” அதற்குப் பிறகு எழுத உட்காரும் முன் வாதத்தை ஒரு துண்டுச்சீட்டில் வரிசையாக எழுதிவிடுவேன். இப்படி:

1. தடுக்க முடிந்த படுகொலையைத் தடுக்காமலிருப்பது தவறு.
2. வாக்களிக்காமல் விலகுவது, தடுக்காமலிருப்பது.
3. ஆகவே விலகியது தவறு.

எந்த வரி ஒழுகுகிறது? இரண்டாவது. 2011 மார்ச்சில், லிபியாவில் பொதுமக்களைக் காக்க இராணுவ நடவடிக்கையை அனுமதித்த ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1973ஆம் எண் தீர்மானத்துக்கு ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை, விலகியவை 5. தேவைப்பட்டது 9. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டிருந்தால் தீர்மானமே விழுந்திருக்கும். அவை விலகியது வழிவிட்டதற்குச் சமம். இந்தியாவும் விலகியது, ஆனால் வீட்டோ இல்லாததால் அது எப்படி வாக்களித்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஒரே சொல், இரண்டு வேறு செயல்கள். சபையின் வாக்கு விதி தெரியாத தத்துவ மாணவன் இந்த ஓட்டையைப் பார்க்கவே மாட்டான். விதி மட்டும் தெரிந்தவனுக்கு அது ஏன் ஓட்டை என்பது புரியாது.

வாசிப்பைப் பக்கக் கணக்கில் பிரிக்காதீர்கள். தத்துவத்தில் பதினைந்து பக்கம் எனக்கு ஒரு முழுக் காலையைத் தின்றுவிடும். சர்வதேச உறவுகளில் எண்பது பக்கம் இருந்தாலும் முன்னுரை, முடிவுரையை முதலில் பார்த்துவிட்டால் மாலைக்குள் ஆகிவிடும்.

இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கலந்துகொண்டு கெடு வைப்பதில்லை. முதல் வாரமே எல்லாத் தேதிகளையும் ஒரே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் விட்ட செமஸ்டரில் ஒரே வெள்ளிக்கிழமை மூன்று கட்டுரை.

ஆய்வேட்டை எந்தத் துறையில் எழுதுவது என்பதை மூன்றாம் வருடக் கடைசிக்குள் முடிவுசெய்து, வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். நான் தத்துவத்தில் எழுதினேன். தலைப்பு, அந்த இரண்டாவது வரிதான்.