வீட்டுப் பட்டறைக்கு ஒரு பைப் நொச்சர்: முதலில் அளவுகோல், பிறகு பணம்

ஒரு வட்டப் பைப்பை நேராக அறுத்து, அந்த முனையை இன்னொரு வட்டப் பைப்பின் முதுகில் வைத்துப் பாருங்கள். இரண்டே இரண்டு இடத்தில்தான் தொடும். இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும். ஒரு அங்குலத் தண்ணீர்ப் பைப்பில் அந்த இடைவெளி பக்கவாட்டில் கிட்டத்தட்ட 17 மில்லிமீற்றர் வரும். அதை வெல்டிங் குச்சியால் நிரப்பப் போனால் பைப்பில் ஓட்டை விழும், இல்லாவிட்டால் மேலே ஒரு கட்டி நிற்கும், உள்ளே ஒன்றும் பிடித்திருக்காது.

இதற்குத்தான் முனையை மீன்வாய் போல வளைத்து வெட்டுகிறோம். அப்படி வெட்டித் தரும் கருவியின் பெயர் நொச்சர்.

நான் திருகோணமலையில் வீட்டுக்குப் பின்னால், தகரம் போட்ட ஒரு கொட்டிலில் வேலை செய்கிறேன். நொச்சர் இல்லாத காலத்தில் மாமாவின் பைபர் போட்டுக்கு (படகுக்கு) நிழல் போட ஒரு பைப் சட்டம் செய்து கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்க, சல்லிக் கரையில் போட்டை இழுத்து ஏற்றிய நாளில் மாமா கூப்பிட்டார். “மருமகன், இதக் கொஞ்சம் தட்டிப் பாரும்” என்றார். சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். மூட்டுக்குக் கீழே இருந்து தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வழிந்தது. வெளியே பெயிண்ட் அப்படியே இருக்க, உள்ளே பைப் பாதி தின்னப்பட்டிருந்தது. இடைவெளி விட்ட மூட்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் போதும், உப்புக் காற்றும் மழையும் உள்ளே போய்த் தங்கிவிடும். எங்கள் ஊரில் பைப் மூட்டு நன்றாகப் பொருந்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

சரி, எதை வாங்குவது, எப்படித் தெரிவு செய்வது என்று பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு நொச்சர் தேவையா?

கேட், ஜன்னல் கிறில் என்று பொக்ஸ் பாரில் மட்டும் வேலை செய்கிறவருக்கு நொச்சர் தேவையில்லை. சதுரப் பைப்பை 90 அல்லது 45 பாகையில் அறுத்தாலே பொருந்திவிடும். வட்டப் பைப்பிலும் வருடத்துக்கு நாலைந்து மூட்டுத்தான் என்றால் கடதாசி, கிரைண்டர், ஒரு அரைவட்ட அரம் போதும். அந்த முறையைக் கடைசியில் சொல்கிறேன். படிக்கட்டுக் கைப்பிடி, சைக்கிள் இழுவை வண்டி, போட்டுச் சட்டம் என்று இருபது முப்பது மூட்டு வரும் வேலை கையில் இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

படி 2: பைப்பை அளந்து எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஹாட்வெயார் கடையில் “ஒரு அங்குல ஜிஐ பைப்” (நாகம், அதாவது சிங்க், பூசிய இரும்புப் பைப்) என்று வாங்குவதன் வெளி விட்டம் ஒரு அங்குலம் இல்லை. தண்ணீர்ப் பைப்பின் பெயர் உள்துளையை ஒட்டி வந்தது. அரை அங்குலப் பைப்பின் வெளி விட்டம் சுமார் 21.3 மி.மீ., முக்கால் 26.9, ஒன்று 33.7, ஒன்றேகால் 42.4, ஒன்றரை 48.3, இரண்டு அங்குலம் 60.3. தளபாடத்துக்கும் கைப்பிடிக்கும் விற்கிற மெல்லிய குழாய்கள் வேறு கணக்கு. அவற்றை வெளி விட்டத்தால்தான் சொல்வார்கள், அங்கே ஒரு அங்குலம் என்றால் 25.4 மி.மீ. தான்.

ஆகவே கலிப்பர் ஒன்றை எடுத்து, கொட்டிலில் கிடக்கிற ஒவ்வொரு பைப்பின் வெளி விட்டத்தையும் அதன் தகட்டுத் தடிப்பையும் கொட்டிலிலேயே எழுதி வையுங்கள். என் கொட்டில் கதவின் உட்புறத்தில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது.

படி 3: எந்த வகை?

நாம் பார்க்க வேண்டியவை நாலு வகை. நெம்புகோலால் அழுத்திக் குத்தி வெட்டும் நொச்சர் வேகமானது, ஆனால் ஒவ்வொரு பைப் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். ஒரே அளவில் கைப்பிடி செய்து விற்கிறவருக்கு அது சரி. உருளையின் மேல் ஓடும் மணல் பட்டியால் தேய்த்து வளைவு எடுக்கும் இயந்திரம் மிக அழகாக வெட்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் நல்லது. விலையும் இடமும் தூசியும் அதிகம். எண்ட் மில் கத்தியால் வெட்டும் இயந்திரம் பெரிய தொழிற்சாலைக்கு உரியது, அதை விட்டுவிடுவோம்.

மிஞ்சுவது ஹோல் சோ நொச்சர். ஹோல் சோ என்பது கிண்ணம் போன்ற, விளிம்பில் பல் உள்ள வட்ட வாள். பைப்பைப் பிடிக்க ஒரு தாடை, சாய்வைக் காட்ட ஒரு பாகை அளவு, நடுவே ஒரு தண்டு. தண்டின் ஒரு முனையில் ஹோல் சோ, மறுமுனையில் உங்கள் டிரில் மெசின். அவ்வளவுதான். முதல் நொச்சராக இதையே வாங்குங்கள் என்பேன். ஹோல் சோவை மாற்றினால் அளவு மாறும், தேய்ந்தால் வேறு வாங்கலாம், பழுதானாலும் நாமே கழற்றிப் பார்க்கலாம்.

படி 4: வாங்கும்போது எதைப் பார்ப்பது

முதலில் தண்டு. ஹோல் சோ மாட்டும் முனையை விரலால் பிடித்து, பக்கவாட்டில் தள்ளி இழுத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நான் முதலில் வாங்கிய மலிவான நொச்சரில் இந்த ஆட்டம் இருந்தது. பெயிண்ட் பளபளப்பாக இருந்ததால் நான் தண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பைப்பில் பல் பட்டதும் ஹோல் சோ நடுங்கியது, மூன்றாவது வெட்டில் நாலு பல் உடைந்தது. வெட்டிய வாயும் வட்டமாக இல்லை, முட்டை வடிவில் வந்தது. தண்டு இரண்டு இடத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். தாங்கும் இடத்தில் பெயரிங் இருந்தால் நல்லது, பித்தளை புஷ் என்றாலும் எண்ணெய் விட வழி இருந்தால் போதும். வெறும் இரும்புத் துளைக்குள் இரும்புத் தண்டு சுற்றுவது என்றால் வேண்டாம்.

அடுத்தது தாடை. பைப் உருண்டுவிடாமல் ஆங்கில வீ எழுத்துப் போன்ற பள்ளத்தில் உட்கார வேண்டும். தட்டையான இரண்டு தகட்டுக்கு நடுவே நெருக்கிப் பிடித்தால் மெல்லிய குழாய் நசுங்கும். எந்த அளவுப் பைப் வரை பிடிக்கும் என்று பாருங்கள். 20 முதல் 50 மி.மீ. வரை பிடித்தால் வீட்டு வேலை முழுவதும் அடங்கும்.

பாகை அளவு எத்தனை வரை போகிறது என்பதைவிட, ஆணியை இறுக்கியபின் அந்த இடத்திலேயே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். 45 பாகையில் வைத்து இறுக்கி, கையால் அழுத்திப் பாருங்கள். நகர்ந்தால் டிரில் ஓடும்போது இன்னும் நகரும். அதோடு, சாதாரண ஹோல் சோவின் ஆழம் சுமார் 38 மி.மீ. தான். விட்டம் பெரிய பைப்பை அதிகம் சரித்து வெட்டினால் ஹோல் சோவின் அடி பைப்பில் முட்டி நின்றுவிடும். விளம்பரத்தில் 60 பாகை என்று போட்டிருந்தாலும் அந்தச் சாய்வில் விட்டம் சிறிய குழாயைத்தான் வெட்ட முடியும்.

தண்டின் மரையையும் (திருகுப் புரியையும்) கேளுங்கள். பொதுவாக 30 மி.மீ. வரையுள்ள ஹோல் சோக்களுக்கு அரை அங்குல மரை, 32 முதல் மேலே 5/8 அங்குல மரை. இரண்டுக்கும் அடப்டர் கூட வருகிறதா என்று பார்த்து வாங்கினால் பிறகு அலைச்சல் இல்லை.

படி 5: உங்கள் டிரில் தாங்குமா?

ஹோல் சோ மெதுவாகச் சுற்ற வேண்டும். சாதாரண இரும்பில் 35 மி.மீ. ஹோல் சோ நிமிடத்துக்கு 240 சுற்று அளவில் ஓடினால் போதும், 48 மி.மீ. என்றால் 180. ஸ்டெயின்லெஸ் என்றால் இதில் பாதி. வீடுகளில் இருக்கும் சாதாரண ஹமர் டிரில் 2800 சுற்று வரை ஓடுவது. அதன் விசையைப் பாதி அழுத்தி மெதுவாக ஓட்டலாம்தான், ஆனால் அந்த வேகத்தில் அதற்குப் பலம் குறைவு. உள்ளே மின்விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டர் சூடாகும். எரிந்த வார்னிஷ் மணம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

இரண்டு கியர் உள்ள டிரில் அல்லது 500, 600 சுற்றில் ஓடும் பெரிய கைப்பிடி டிரில் பொருத்தம். நொச்சருக்கென்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். நல்ல நொச்சரும் பலமில்லாத டிரில்லும் சேர்ந்தால் வேலை நடக்காது. தூண் டிரில் வைத்திருப்பவர்கள் நொச்சரை அதன் மேசையில் பூட்டிக்கொள்ளலாம், அதைவிடச் சுகம் வேறில்லை.

படி 6: ஹோல் சோ

பைமெட்டல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். உடம்பு சாதாரண உருக்கு, பல் வரிசை மட்டும் கடினமான ஹைஸ்பீட் உருக்கு. மரத்துக்கு விற்கிற வட்ட வாள் செட் பார்க்க இதே மாதிரி இருக்கும், இரும்பில் ஒரு நிமிடமும் நிற்காது. நடுவில் இருக்கும் வழிகாட்டி டிரில் நொச்சருக்குத் தேவையில்லை.

அளவு எது? வெட்டப்படும் பைப்பின் அளவு அல்ல, அது போய் உட்காரும் பைப்பின் வெளி விட்டம். இதை இரண்டு தடவை வாசியுங்கள். 33.7 பைப்பின் மேல் 26.9 பைப்பை வைப்பதென்றால் 34 அல்லது 35 மி.மீ. ஹோல் சோ வேண்டும். ஒரு துளி பெரிதாக இருந்தால் பரவாயில்லை, சிறிதானால் மூட்டு அடியில் உட்காராது.

படி 7: முதல் வெட்டு

நொச்சரைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், அல்லது பெரிய வைஸில் பிடியுங்கள். பைப்பின் முனை ஹோல் சோவின் மையக் கோட்டுக்கு வரும்படி தாடையில் வையுங்கள். ஒரே அளவான பைப்களில் சட்டம் செய்யும்போது, இரண்டு நெடும் பைப்களின் மையத்திலிருந்து மையம் வரை எவ்வளவோ அந்த நீளத்துக்குக் குறுக்குப் பைப்பை அறுத்துக்கொண்டால் போதும், கழிக்கத் தேவையில்லை. வெட்டிய வாயின் இரண்டு காதுகளும், அதாவது இரு பக்கமும் நீண்டு நிற்கும் நுனிகளும், சரியாக மையம் வரை போகும்.

எண்ணெய் விடுங்கள். கையில் இருக்கும் என்ஜின் எண்ணெய் ஒன்றும் இல்லாததைவிட மேல், வெட்டு எண்ணெய் இன்னும் நல்லது. பல் பைப்பில் படும் முன்பே டிரில்லை ஓட்டி, மெதுவாகத் தள்ளுங்கள். பொடிச் சுருள் வந்தால் சரி. புகையும் கீச்சென்ற சத்தமும் வந்தால் வேகம் கூடிவிட்டது. காது விடுபடும் கடைசி நொடியில் ஹோல் சோ கொத்திப் பிடிக்கும், டிரில் கையைத் திருகும். பக்கக் கைப்பிடியைப் பூட்டி, அதை ஒரு இரும்புத் தூணில் சாய்த்துக்கொள்ளுங்கள். சாரத்தோடும் (லுங்கியோடும்) தளர்ந்த கையுறையோடும் இந்த வேலைக்கு நிற்க வேண்டாம். கண்ணாடி கட்டாயம்.

வெட்டியதைப் பைப்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு காது நீண்டு, ஒரு காது குட்டையாக இருந்தால் பைப் மையத்தில் இல்லை, தாடையின் கீழ் ஒரு மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். காதுகளின் நுனி கடதாசி போல மெலிந்திருக்கும். அது வெல்டிங்கில் எரிந்து போகும், ஆகவே அரத்தால் ஒரு மில்லிமீற்றர் எடுத்துவிடுங்கள்.

மறு முனையை வெட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. பைப்பின் மேல் ஒரு எல் இரும்பைக் கவிழ்த்து வையுங்கள், அது தானாக நேராக உட்காரும். அதன் ஓரமாக ஒரு கோடு கீறுங்கள். இரண்டு வாயையும் அதே கோட்டுக்கு வைத்து வெட்டினால் ஒன்றுக்கொன்று முறுகாது.

நொச்சர் இல்லாமல்: கடதாசி முறை

33.7 பைப்பை அதே அளவுப் பைப்பில் சேர்க்க, 106 மி.மீ. நீளக் கடதாசிப் பட்டை எடுங்கள். அதை நாலாக மடித்து, ஒவ்வொரு பங்கையும் மூன்றாகப் பிரித்தால் 12 கோடு. மேல் ஓரத்திலிருந்து வரிசையாக 0, 8.4, 14.6, 16.9, 14.6, 8.4 என்று கீழே அளந்து புள்ளி வையுங்கள். பிறகு அதே வரிசை மறுபடி 0 இலிருந்து. புள்ளிகளைச் சேர்க்கும்போது பூச்சியம் வரும் இடம் கூராகவும் நடு இடம் உருண்டும் வரும். அதை வெட்டிப் பைப்பில் சுற்றி ஒட்டி, மேல் ஓரத்தைப் பைப்பின் முனையோடு சேர்த்துக் கோடு போட்டு, கிரைண்டரில் வெட்டி, அரத்தால் தேயுங்கள். ஒரு வாய்க்கு எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும்.

எந்த முறையில் வெட்டினாலும், ஜிஐ பைப் என்றால் மூட்டைச் சுற்றி நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் வெல்டிங். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் எடுத்தால் இரவு குளிர் காய்ச்சல் வரும், கொட்டிலைத் திறந்து வைத்துக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். வெல்டிங் ஆறியதும் கசடைத் தட்டி, மூட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, பைப்பின் திறந்த முனையிலிருந்து ஊதிப் பார்ப்பேன். குமிழி வந்த இடத்தில் மறுபடி ஒரு பொட்டு வெல்டிங். கழுவித் துடைத்துக் காய்ந்ததும், நாகம் கலந்த பெயிண்ட் இரண்டு தடவை. மாமாவின் இரண்டாவது சட்டத்தில் பதினெட்டு மூட்டு, அதில் ஒன்று மட்டும் குமிழி விட்டது.