‘டெய்லி ஐ வில் கெட் அப்’: தினசரி வழக்கங்களை ஆங்கிலத்தில் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கட்டாயம் வந்துவிடும் பாடம் இது: காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை என்னென்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள். சுலபமான பாடம் என்றுதான் எல்லோரும் இதை ஆரம்பத்தில் வைக்கிறார்கள். ஆனால் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று எந்த ஊர் வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் ஒரே வாக்கியம்தான் காதில் விழும்: ‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் ஓ கிளாக்.’ ஆசிரியர் உடனே ‘வில் வரக்கூடாதும்மா, சிம்பிள் பிரசன்ட்’ என்பார். அந்த அம்மாவும் ‘சரி சார்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தை ‘ஐ வில் பிரஷ்’ என்று ஆரம்பிப்பார்.

அந்த ‘வில்’ எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமலே அதைத் திருத்திக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு, என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். அது கவனக்குறைவால் வருவதில்லை, நேராகத் தமிழிலிருந்து வருகிறது. ‘தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்றுதான் நாம் வழக்கத்தைச் சொல்கிறோம், ‘நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்பதற்கும் அதே வினைதான். இல்லை என்று சொல்லும்போதும் அப்படியே: ‘வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம்’ என்பது ‘வி வோன்ட் ஈட் மட்டன் ஆன் ஃப்ரைடே’ என்று ஆகிவிடுகிறது, வேண்டியதோ ‘வி டோன்ட் ஈட்’. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கம்பெனிக்குப் போகிறேன்’ என்பது இந்த நிமிஷம் போய்க்கொண்டிருப்பதற்கும் வரும், தினமும் போவதற்கும் வரும் என்பதால் ‘வில்’லை விட்டவர்கள் நேராக ‘ஐ ஆம் கோயிங் டு கம்பெனி டெய்லி’க்குத் தாவுகிறார்கள்.

இதைக் கொஞ்ச நேரம் தமிழிலேயே பேசி விளக்க வேண்டும். ‘நாளைக்கு எழுந்திருப்பேன்’, ‘தினமும் எழுந்திருப்பேன்’ இரண்டையும் பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, நாம் ஒரே மாதிரி சொல்வதை இங்கிலீஷ் இரண்டாகப் பிரிக்கிறது என்று காட்டினால் பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே பொறி தட்டிவிடும். வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று விதி வைத்திருக்கும் இடங்களில் இதைச் செய்யவே முடியாது, அந்த விதியால் இந்தப் பாடத்துக்கு நஷ்டம்தான். (ஆங்கிலத்திலும் சில இடங்களில் ‘வில்’ போட்டு வழக்கத்தைச் சொல்வதுண்டு. அது பிற்பாடு கற்கவேண்டிய சமாச்சாரம், தொடக்கநிலைக்காரரிடம் அதை எடுக்காதீர்கள்.)

எப்படியும் புரிந்துவிடப் போகிறது, ஒரு ‘வில்’லுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். நம்ம ஊரில் அப்படி விட முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள், அவர்களோடு பேச வேண்டிய நர்ஸுகளும் மெடிக்கல் ஷாப் பிள்ளைகளும் லாட்ஜில் வேலை பார்ப்பவர்களும் நம் வகுப்புக்கு வருகிறார்கள். ‘டூ யூ டேக் திஸ் டேப்லெட் எவ்ரி டே?’ என்றால் தினமும் சாப்பிடுகிற வழக்கம் உண்டா என்று அர்த்தம். ‘வில் யூ டேக் திஸ் டேப்லெட் எவ்ரி டே?’ என்றால் இனிமேல் தினமும் சாப்பிடுவீர்களா என்று ஒப்புதல் கேட்கிற மாதிரி ஆகிவிடும், எதிரில் இருப்பவரும் ‘எஸ்’ என்றுதான் சொல்வார். இதுவரை அவர் அந்த மாத்திரையைத் தொட்டே இருக்க மாட்டார்.

இதே இடத்தில் ‘யூஸ்டு டு’வையும் சொல்லிவிடுகிறேன். ‘ஐ யூஸ்டு டு கோ டு ஜிம் டெய்லி’ என்று இன்றைக்கும் ஜிம்முக்குப் போகிறவர் சொல்வது நம்மிடம் சர்வசாதாரணம், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் இருக்கிறது. ஆனால் அதற்கு அர்த்தம், முன்பு போனேன், இப்போது போவதில்லை. ‘ஐ யூஸ்டு டு ஸ்மோக்’ என்று ஒருவர் சொன்னால் கேட்கிற டாக்டர் இவர் புகைப்பதை விட்டுவிட்டார் என்றுதான் எழுதிக்கொள்வார். இப்போதைய வழக்கத்துக்கு ‘யூஷுவலி’ போதும். ‘யூஸ்டு டு’வைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுப்பதாக இருந்தால் ‘முன்னாடி இருந்தது, இப்போ இல்லை’ என்ற அர்த்தத்தோடு சேர்த்தே கொடுங்கள்.

அடுத்தது பாடப்புத்தகத்தில் உதாரணமாக வரும் ஆள். அவர் ஏழு மணிக்கு எழுந்து ஷவரில் குளித்து, டோஸ்ட் சாப்பிட்டு, ஆபீஸ் போய்விட்டு, சாயங்காலம் டென்னிஸ் விளையாடுவார். அவருடைய நாளைப் பத்து தடவை படித்தாலும், நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஷூ கம்பெனி வேனுக்கு ஓடுகிற பெண்ணுக்குத் தன் நாளைச் சொல்ல வாய் வராது. வீட்டில் பீடி சுற்றுகிறவர், தறி ஓட்டுகிறவர், நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் தூங்கப் போகிறவர், காட்பாடியில் விடியற்காலை ரயிலைப் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர் எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அவரவர் நாளைத் தமிழில் கேளுங்கள். அதிலிருந்து ஏழெட்டு வினைகளை எடுத்துக் கொடுத்தால் அதுதான் அவருக்கான பாடம். வேலை தேடிக்கொண்டிருப்பவரிடம் ‘வாட் டைம் டு யூ கோ டு ஒர்க்?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாமல் இருக்கவும் இது உதவும்.

அப்படிக் கேட்கும்போதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் வெளியே வரும். நாம் ‘போடு’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு பாதி நாளை ஓட்டுகிறோம்: கோலம் போடுகிறோம், டீ போடுகிறோம், லைட் போடுகிறோம், சட்டை போடுகிறோம். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ‘புட்’ போட்டால் சட்டைக்கும் லைட்டுக்கும் மட்டும்தான், அதுவும் ‘புட் ஆன்’ என்றால்தான் சரியாக வரும். கோலத்துக்கு ‘டிரா’, டீக்கு ‘மேக்’, லைட்டுக்கு ‘ஸ்விட்ச் ஆன்’ என்றும் சொல்லலாம். ‘பிடி’யும் அப்படித்தான். பஸ் பிடிப்பதற்கு ‘கேட்ச்’ கச்சிதமாகப் பொருந்துகிறது, உடனே அந்தத் துணிச்சலில் குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கும் ‘ஐ கேட்ச் வாட்டர்’ என்று வரும். அங்கே ‘ஐ ஃபில் த பாட்ஸ்’ என்று கொடுங்கள். தலைக்குக் குளிப்பதற்கு ‘ஐ வாஷ் மை ஹேர்’ போதும். டிவி ‘சீ’ இல்லை, ‘வாட்ச்’. கோலம், இட்லி, சாம்பார், பீடியையெல்லாம் மொழிபெயர்க்கச் சொல்லி வதைக்காதீர்கள், அப்படியே சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

மணி சொல்வதில் ‘குவார்ட்டர் டு எய்ட்’ கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் செலவழிப்பது வீண். நாம் ஏழே முக்கால் என்று கடந்துபோன மணியிலிருந்து எண்ணுகிறோம், ஆங்கிலமோ வரப்போகிற எட்டிலிருந்து பின்னால் எண்ணுகிறது, குழப்பம் வராமல் என்ன செய்யும்? ‘செவன் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று சொல்லப் பழகட்டும், மற்றதைக் கேட்டால் புரிந்தால் போதும். ‘அட் சிக்ஸ்’, ‘இன் த மார்னிங்’, ‘ஆன் சன்டேஸ்’, ‘அட் நைட்’ நான்கையும் விதி சொல்லாமல் முழுசாக வாயில் ஏற்றிவிடுங்கள்.

‘ஹி, ஷி’க்கு வரும் அந்த ‘ஸ்’ தனி ரகம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பழகிய நமக்கு இது சின்ன விஷயம்தான். ஆனாலும் நழுவுகிறது, ஏனென்றால் ‘மை மதர்’ என்று சொல்லியாகிவிட்டது, அந்த ‘ஸ்’ போனாலும் அர்த்தம் எதுவும் போவதில்லை. ‘ஐ கோ, வி கோ, ஹி கோஸ்’ என்று கோரஸ் பாடவைத்தால் கோரஸில் மட்டும் சரியாக வரும். அம்மாவைப் பற்றியோ வீட்டுக்காரரைப் பற்றியோ இரண்டு நிமிஷம் விடாமல் பேசச் சொல்லுங்கள், ஒவ்வொரு வாக்கியத்திலும் அது வந்தே தீரவேண்டும். ‘டஸ்ன்ட் கோஸ்’ என்று இரட்டையாக வரும்போது, ‘டஸ்’ஸிலேயே ‘ஸ்’ வந்துவிட்டது, ஒரு தடவை போதும் என்று விரலைக் காட்டினாலே நிறுத்திவிடுவார்கள்.

‘ஆல்வேஸ்’ நூறு சதவீதம், ‘ஆஃபன்’ எழுபது, ‘சம்டைம்ஸ்’ ஐம்பது என்று அட்டவணை போடுவதால் யாரும் பேச ஆரம்பித்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டா, எப்பவுமா, எப்பவாவதா என்று கேட்டால் ஆம்பூர்க்காரர்கள் ‘ஆல்வேஸ்’ என்று கையைத் தூக்குவார்கள். அப்புறம் அது நிற்கிற இடத்தைச் சொல்லுங்கள்: ‘ஐ ஆல்வேஸ் கம் லேட்’, ஆனால் ‘ஐ ஆம் ஆல்வேஸ் லேட்’. வாணியம்பாடி, மேல்விஷாரம் மாதிரி ஊர்களில் ரம்ஜான் மாதம் வந்தால் இன்னும் நல்லது. வழக்கமாகப் பதினோரு மணிக்கு டீ குடிக்கிறவர் ‘ஐ யூஷுவலி டிரிங்க் டீ அட் லெவன், பட் திஸ் மன்த் ஐ ஆம் ஃபாஸ்டிங்’ என்பார். எது வழக்கம், எது இந்த மாதத்துக்கு மட்டும் என்பது அவர் வாழ்க்கையிலேயே பிரிந்து கிடக்கிறது, ‘ஐ ஆம்’ போட்டு ‘இங்’ சேர்ப்பது எங்கே என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும், நிறைய வகுப்பில் இதை விட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லியே பழகியவர் கேள்வி கேட்கப்போனால் ‘வாட் டைம் யூ வில் கெட் அப்?’ என்று அந்த ‘வில்’ திரும்ப வந்து நிற்கும். ‘வாட் டைம் டு யூ’ என்பதைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்லவைத்து, பின்னால் வினையை மட்டும் மாற்றச் சொன்னால் போதும்.

பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், பலர் அதோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் தங்கள் நாளை ஒரு நிமிஷம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் இந்த வாரம் ‘வில்’லை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள், ‘ஸ்’ அடுத்த வாரம்.