சாட்டின் தையலில் விழுந்த சுருக்கத்தைச் சரிசெய்தேன்

தங்கையின் திருமணத்துக்கு நானே தைத்த சாட்டின் ரவிக்கையின் பக்கத் தையல் முழுவதும், யாரோ நூலைப் பிடித்து இழுத்தாற்போல் சுருங்கி நின்றது. இஸ்திரி போட்டும் அடங்கவில்லை. நூலின் இறுக்கம்தான் காரணம் என்று எண்ணி அதைத் தளர்த்தியபோது, அடிப்பக்கத்தில் நூல் வளையங்கள் தொங்கினவே தவிர, சுருக்கம் போகவில்லை.

பிறகு ஊசியைக் கழற்றி விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். பருத்தித் துணிக்குப் போட்டிருந்த 14ஆம் எண் தடித்த ஊசி அது, முனையும் மழுங்கியிருந்தது. 9ஆம் எண் சன்னமான புது ஊசியையும் மெல்லிய பாலியஸ்டர் நூலையும் மாற்றி, தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்து, அடியில் டிஷ்யூ தாளை வைத்து, முன்னும் பின்னும் துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி ஒரு வெட்டுத்துண்டில் தைத்தபோது தையல் நேராகப் படிந்தது. அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

சாட்டினில் ஊசித்துளைகள் எளிதில் மறைவதில்லை என்பதால், பழைய தையலைப் பிரித்துவிட்டு, துளைகள் உள்மடிப்புக்குள் ஒதுங்கும்படி 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்தேன். இருபக்கமும் சேர்த்துச் சுற்றளவில் 8 மில்லிமீட்டர் குறைந்ததை, கொக்கிகளை நகர்த்தி ஈடுகட்டினேன். மீந்த துணியில் அவளுக்கான கைப்பையையும் அதே ஊசியால் தைத்து முடித்தேன்.