புதுப் பேரல் போட்டும் குரூப் சிறுக்கவில்லையா? ருகர் 10/22இல் குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

ஒரே குறியில் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் குரூப்; சிறியதாக இருந்தால் நல்லது. ருகர் 10/22 ரைஃபிள் 1964இல் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் .22 ரைஃபிள் வைத்திருப்பவர்களில் ஏராளமானோர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு காரணம், இதில் பேரல், அதாவது துப்பாக்கிக் குழல், மாற்றுவது அவ்வளவு சுலபம். பேரல் ரிசீவருக்குள் (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உடல்) மரை இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கீழே வி-பிளாக் என்று ஒரு சின்ன உலோகத் துண்டும் இரண்டு அலன் ஸ்க்ரூவும் அதைப் பிடித்து நிறுத்தும். பட்டறை தேவையில்லை, சமையலறை மேசை போதும். அதனாலேயே வெளிக் கம்பெனி பேரல்களுக்கென்று பெரிய சந்தையே உருவாகிவிட்டது. கனத்த பேரல், கார்பன் ஃபைபர் சுற்றிய பேரல், அலுமினிய உறை போட்ட பேரல் என்று வகை வகையாகக் கிடைக்கும்.

எல்லா விளம்பரத்திலும் ‘மேட்ச் தரம்’, அதாவது போட்டிக்கு ஏற்ற தரம், என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு எந்தக் கட்டாய அளவுகோலும் கிடையாது. காசு கொடுத்து வாங்கி மாட்டிய பிறகு, தொழிற்சாலைப் பேரலை விட மோசமாகச் சுடுகிறது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். அதில் பாதிக்குப் பேரல் காரணமே இல்லை என்பது என் எண்ணம். மீதிக்கு நிச்சயம் பேரல்தான் காரணம். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த விளக்கம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி; பேரல் உதிரிபாகம். ஆனால் 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலை ரைஃபிளில் மாட்டினால் அது தனிச் சட்டத்தின் கீழ் வரும், மாநில விதிகளும் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். எனவே அங்கே இருந்துகொண்டு ஆன்லைனில் ஆர்டர் போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

படி 1: பழைய பேரலை விற்காதீர்கள்

இதுதான் முழு விஷயமும். கழற்றிய தொழிற்சாலைப் பேரல்தான் உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த சோதனைக் கருவி. புதுப் பேரல் மோசம் என்று சொல்ல வேண்டுமானால், ‘எதை விட மோசம்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு நல்ல நாளில் சுட்ட குரூப் நினைவில் இருப்பது பதில் ஆகாது. ஒரே நாள், ஒரே தோட்டா, ஒரே ஸ்கோப், இரண்டு பேரல். அதுதான் பதில்.

படி 2: கழற்றுதல், சுத்தம், மாட்டுதல்

மகசினை எடுங்கள். போல்ட்டை (தோட்டாவை ஏற்றி மூடும் துண்டு) பின்னால் இழுத்துச் சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

ஸ்டாக்கின் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி ரிசீவரை வெளியே எடுத்தால் வி-பிளாக் தெரியும். புதுப் பேரலை மாட்டும் முன், உள்ளே இருக்கும் எண்ணெயையும் தயாரிப்பின்போது தங்கிய அழுக்கையும் துடைத்து எடுங்கள். 10/22 ரிசீவரின் பின்பக்கம் அடைப்பு என்பதால் சாதாரணமாகப் பலரும் முன்முனை வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்வார்கள். முனை கெடுவதற்கு அதுவே ஒரு காரணம். இப்போது பேரல் கையில் தனியாக இருக்கிறது. சேம்பர் பக்கத்திலிருந்து கம்பியை விடுங்கள். இறுக்கமான துணித்துண்டு ஒன்றைத் தள்ளும்போது கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரே சீராகப் போனால் நல்லது. ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்தாலோ சொரசொரவென்று இழுத்தாலோ குறித்து வையுங்கள்.

மாட்டும்போது வி-பிளாக்கின் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது பேரலோடு வரும் தாளில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் சந்தேகமே இல்லை. ரிசீவர் அலுமினியம், பேரலோ கனத்த எஃகு. முரட்டுத்தனமாக இறுக்கினால் பேரல் முனை கீழ்நோக்கிச் சாயும். அப்புறம் ஸ்கோப்பை மேலே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

0.920 அங்குல விட்டமுள்ள கனத்த பேரல் என்றால், ஸ்டாக்கின் பள்ளமும் அதற்கேற்ற அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டையோ டாலர் நோட்டையோ பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்து ரிசீவர் பக்கம் வரை இழுங்கள். எங்காவது சிக்கினால் அங்கே உரசுகிறது. தொடர்ந்து சுடும்போது குண்டு விழும் இடம் நகர்ந்துகொண்டே போவதற்கு இது போதும்.

படி 3: ஸ்கோப்

ஸ்கோப் பிடியின் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ரிம்ஃபயர் (விளிம்பில் அடி வாங்கி வெடிக்கும் தோட்டா; .22 இந்த வகை) ஸ்கோப்புகள் பொதுவாக 50 கஜத்தில் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்து தெரியும் கோளாறு, வராதபடி அமைத்து வரும். பெரிய ரைஃபிளின் ஸ்கோப்பைக் கழற்றி இதில் போட்டிருந்தால் அது 100 கஜமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறி நகரும். பழியைப் பேரல் சுமக்கும்.

படி 4: தோட்டா

ரிம்ஃபயரில் தோட்டா படுத்தும் பாடு மற்ற ரைஃபிள்காரர்களுக்குப் புரியாது. .22 எல்ஆரில் (இந்த ரைஃபிளின் தோட்டாவான .22 லாங் ரைஃபிள்) நீங்களே மருந்து அளந்து போட்டுத் தோட்டா தயாரிக்க வழியில்லை. தீப்பொறி மருந்து விளிம்புக்குள் தடவப்பட்டிருக்கும், அது எவ்வளவு சீராகப் படிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஒரு பேரலுக்குப் பிடித்த தோட்டா இன்னொரு பேரலுக்குப் பிடிக்காது. ஒரே பெயர் போட்ட பெட்டியில்கூட லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் முடிவு மாறும். லாபுவா நிறுவனம் அரிசோனாவின் மேசா நகரில், உங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய் எந்த லாட் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்க்கவே ஒரு சோதனை மையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக வாளியில் விற்கும் அதிவேகத் தோட்டாவை வைத்துப் பேரலை எடை போடாதீர்கள். அவை பெரும்பாலும் விநாடிக்கு 1200 அடிக்கு மேல் கிளம்பும். ஒலியின் வேகம் ஏறத்தாழ 1125 அடி. போகிற வழியில் அந்த எல்லையைக் கடந்து கீழே இறங்கும்போது குண்டு தள்ளாடும். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போன்றவை 1070 அடியில், ஒலிக்குக் கீழேயே தொடங்குகின்றன. அது ஒரு வகை, எஸ்கே அல்லது எலி (Eley) கம்பெனியின் மேட்ச் வகை ஒன்று, இன்னொன்று உங்கள் விருப்பம். மூன்று வகை போதும்.

படி 5: சுட்டுப் பார்த்தல்

காற்றில்லாத காலை, 50 கஜம், முன்னும் பின்னும் மணல்மூட்டை. குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் இந்தத் தூரத்திலேயே குண்டு ஓர் அங்குலம் அளவுக்கு விலகும், எனவே காற்று வீசும் நாளில் சுட்ட டார்கெட்டை ஆதாரமாக வைக்க முடியாது.

தோட்டா வகை மாற்றும்போதெல்லாம் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் வெவ்வேறு மெழுகு பூசுகிறது. பேரல் அதற்குப் பழகக் கொஞ்சம் ஆகும். சுத்தம் செய்த பேரலுக்கும் இதே கதை.

அப்புறம் ஐந்து ஐந்தாக, ஒரு தோட்டாவுக்கு ஐந்து குரூப். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, குண்டின் அகலமான 0.22 அங்குலத்தைக் கழியுங்கள். ஐந்துக்கும் சராசரி எடுங்கள். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்த டார்கெட்டைப் படம் பிடித்துக் காட்டுவது பெருமைக்குச் சரி, சோதனைக்கு உதவாது. ஒரே பேரல் ஒரு குரூப் அரை அங்குலமும் அடுத்தது ஓர் அங்குலமும் சுடுவது சகஜம்.

அதே நாளில் பழைய பேரலை மாட்டி, அதே பெட்டித் தோட்டாவால் இதையே திரும்பச் செய்யுங்கள். அலுப்புத்தான், வேறு வழியில்லை. நல்ல தோட்டாவில் தொழிற்சாலைப் பேரல் ஓர் அங்குலத்தை ஒட்டிச் சுட்டால் அது ஒழுங்கான பேரல். நல்ல வெளிக் கம்பெனி பேரலிடம் அரை அங்குலச் சராசரியை எதிர்பார்க்கலாம். மூன்று வகைத் தோட்டாவிலும் புதியது பழையதைத் தாண்டவில்லை என்றால் இனிச் சந்தேகம் பேரல் மேல்தான்.

படி 6: பேரலில் என்ன குறை?

முதலில் கிரவுன், அதாவது பேரலின் முன்முனை. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். சுட்டு முடித்ததும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கரி நட்சத்திர வடிவில் படிந்திருக்கும். எல்லாக் கதிரும் ஒரே நீளம் என்றால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தால் வாயு சமமாக வெளியேறவில்லை. ரைஃபிளைத் திரும்பவும் காலி என்று உறுதி செய்துகொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே இழுங்கள். நூல் சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. முனையில் மரை வெட்டிய பேரல் என்றால் இன்னொரு தொல்லை: மரை வெட்டும்போது அந்த இடத்தில் உள்துளை லேசாக விரிந்துவிடலாம். துணித்துண்டு முனைக்கு அருகே தளர்ந்ததாக முன்பு குறித்திருந்தால் அது இதுவாக இருக்கலாம்.

அடுத்தது சேம்பர். ரேஞ்சில், பேரல் டார்கெட் பக்கம் பார்த்திருக்கும்போது, ஒரு தோட்டாவை மகசினிலிருந்து ஏற்றிச் சுடாமலே மெதுவாக வெளியே எடுங்கள். ஈயத்தில் ஒரே பக்கம் சீவியதுபோல் கீறல் இருந்தால் சேம்பர் விளிம்பு கூராக இருக்கிறது. அடிபட்ட குண்டு நேராகப் போகாது. மேட்ச் சேம்பர்கள் இறுக்கமானவை என்பதால் சில சமயம் குண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டு வெறும் கூடும் மருந்தும் மட்டும் வெளியே கொட்டும். அப்படி நேர்ந்தால், உள்ளே சிக்கியதை எடுக்கும் வரை அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது.

உள்சுவரைப் பார்க்க, போனில் செருகும் மலிவான போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் சின்னக் கேமரா) கிடைக்கிறது. குறுக்குக் கோடுகளைப் பார்த்துப் பதறாதீர்கள். நன்றாகச் சுடும் பேரல்களிலும் அவை இருக்கும். சில பெட்டிகள் சுட்டதுமே உள்சுவரின் புரிகளில் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்) ஈயம் அப்பிக்கொள்கிறது என்றால்தான் அந்தக் கோடுகளுக்கு அர்த்தம்.

படி 7: திருப்பி அனுப்புதல்

இதற்கு முன் பேரலில் கை வைக்கக் கூடாது. தேய்ப்பது, முனையைச் சீர்செய்வது எதுவும் வேண்டாம். செய்தால் உத்தரவாதம் போய்விடும். நான் வாங்கிய ஒரு கனத்த பேரல், விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம், எல்லாத் தோட்டாவிலும் பழையதிடம் தோற்றது. ‘துல்லியமாக இல்லை’ என்று எழுதியபோது நன்றாகச் சுத்தம் செய்யுங்கள் என்ற அச்சடித்த பதில்தான் வந்தது. இரண்டு பேரலின் டார்கெட் படங்கள், லாட் எண்கள், சராசரிகள், கிரவுன் படம் ஆகியவற்றை அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது. சில கம்பெனிகள் குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டுமே உறுதி தரும். படி 4இல் மூன்றாவது வகையாக அதையே சேர்த்துவிட்டால் அந்தச் சாக்கும் இருக்காது.

திருப்பும் காலம் தாண்டிவிட்டது, குறை கிரவுனில்தான் என்றால், துப்பாக்கி மெக்கானிக்கிடம் முனையில் கொஞ்சம் வெட்டிப் புதிதாகக் கிரவுன் போடச் சொல்லலாம். 18.5 அங்குலப் பேரலில் அதற்கு இடம் உண்டு. 16 சொச்சம் அங்குலத்தில் வரும் குட்டைப் பேரலை வெட்டச் சொல்லும் முன் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.