கிடைக்காத கார் பாகத்தை நாமே செய்யும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் பட்டறையின் சுவரில், ஓர் ஆணியில் பித்தளைத் துண்டு ஒன்று தொங்குகிறது. காரின் முன்கண்ணாடியைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்கும் கை. கோவையில் வார்த்து கூரியரில் வந்தது. வார்ப்பில் ஒரு குறை சொல்ல முடியாது, ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை. என்ன, அது எங்களுக்குத் தேவையான பக்கம் இல்லை. எங்களிடம் மாதிரியாக இருந்தது இடப்பக்கத்துக் கை. வேண்டியது வலப்பக்கம். மாதிரியை அப்படியே அனுப்பி, "இதே மாதிரி ஒன்று" என்று கேட்டோம். இதே மாதிரி ஒன்று வந்தது.

பெட்டியைப் பிரித்த மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இடது கால் செருப்பை ஜோடி வாங்கியிருக்கோம்."

அதோடு முடியவில்லை. சரி, இடப்பக்கத்துக்காவது ஒரு உபரி இருக்கட்டும் என்று கேலிப்பரை எடுத்து அளந்தார். மாதிரி 152 மில்லிமீட்டர். புதியது 150க்கும் மயிரிழை குறைவு. திருகுத் துளைகள் எதுவும் பொருந்தவில்லை. உருகிய பித்தளை இறுகி ஆறும்போது ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கும். அலுமினியம் சுமார் 1.3, வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம். அச்சு செய்பவர்கள் அதற்காகவே கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். நாங்கள் அச்சு கொடுக்கவில்லை, முடிந்துபோன பாகத்தையே அச்சாகக் கொடுத்தோம். வார்த்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டது நாங்கள்.

மாமா கப்பல் பட்டறையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடந்த காலத்தில், பந்தயம் பார்க்கப் போன இடத்தில் ஓரமாக நின்றிருந்த ஒரு எம்ஜி டிசியை, 1940களின் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை, பார்த்து மயங்கியவர். ஐம்பது வருடம் கழித்து அதன் நகலை அவரே செய்கிறார். நான் எடுபிடி. இந்த மூன்று வருடத்தில் நாங்கள் கெடுத்த பாகங்களை வைத்தே இதை எழுதுகிறேன். கெடுத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: கையில் கிடைத்த மாதிரியை அசல் என்று நம்பியது.

செய்வதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

முதலாவது, கடையில் கிடைப்பதைச் செய்ய உட்காருவது. எம்ஜி டிசி 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் வந்த மாடல். இங்கிலாந்தில் இன்றைக்கும் அதற்குப் புதிதாகப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். நாங்கள் விலையையும், கூரியர் செலவையும், அதன் மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியையும் பார்த்து மலைத்துப்போய், "நாமே செய்வோம்" என்று இறங்கினோம். அந்த முன்கண்ணாடிக் கைக்கு இரண்டு முறை வார்ப்பு, இரண்டு முறை கூரியர், மாமாவின் ஆறு சனிக்கிழமைகள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். உண்மையிலேயே எங்கும் கிடைக்காததை மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது, நகலைப் பார்த்து நகல் எடுப்பது. இணையத்தில் "எம்ஜி" என்று தேடினால் வரும் படங்களில் நிறைய, பிற்காலத்தில் ஃபோக்ஸ்வாகன் பீட்டலின் அடிச்சட்டத்தில் கட்டிய கிட் கார்கள். அவை டிடி மாடலின் சாயல். டிடி என்பது 1950 வாக்கில் வந்த தம்பி, சக்கரமே 15 அங்குலம். டிசிக்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம். டிடியின் மட்கார்டு வளைவை டிசியில் கொண்டுவந்து வைத்தால், தாத்தா வேட்டிக்குப் பேரன் ஷூ போட்ட மாதிரி இருக்கும்.

படத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. டிசி எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள "டிசி" கண்ணில் பட்டால், ஒன்று அது வேறு மாடல், அல்லது யாரோ படத்தைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள், அல்லது வண்டியையே மாற்றியிருக்கிறார்கள். மூன்றில் எதுவானாலும் அதை வைத்து அளவெடுக்கக் கூடாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: அசல் சரியாக இருக்கும்போது அதைத் "திருத்துவது". டிசியின் டாஷ்போர்டில் ஓட்டுநர் முன்னால் இருப்பது எஞ்சின் சுற்று காட்டும் மீட்டர். வேகமானி பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் இருக்கும். எவ்வளவு வேகம் என்று மனைவி பார்த்துத் திட்டுவதற்கு வசதி என்பார் மாமா. நான் முதலில் வெட்டிய பலகையில் இரண்டையும் இடம் மாற்றி "ஒழுங்கு" பண்ணியிருந்தேன். பலகை வீண்.

பழைய விளம்பரங்களைப் பார்க்க தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி நல்ல இடம். அந்தக் காலச் சிங்கப்பூர் நாளிதழ்களில் கார் விளம்பரங்கள் வந்தபடியே இருக்கின்றன. ஆனால் விளம்பர ஓவியர்கள் காரை நீளமாகவும் தாழ்வாகவும் வரைவார்கள். அதில் பார்க்க வேண்டியது எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எத்தனை திருகு என்பதைத்தான். அளவை அல்ல.

அளவெடுப்பது

எழுபது வருடம் ஓடிய பாகத்தில் நீங்கள் அளப்பது தேய்மானத்தைத்தான். கீல் துளை நீள்வட்டமாகியிருக்கும். விளிம்பை யாரோ அரம் போட்டிருப்பார்கள். முலாம் பூச மெருகேற்றியபோது மூலைகள் மழுங்கியிருக்கும். கேலிப்பர் 9.4 என்று காட்டினால் 9.4 என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அது அங்குலக் கணக்கில் செய்த வண்டி. எட்டில் மூன்று அங்குலம் என்றால் 9.525 மில்லிமீட்டர், அதிலிருந்து தேய்ந்து 9.4 ஆகியிருக்கும். தகடும் அப்படித்தான்: 1.2 போலத் தெரிவது 18 கேஜ் (தகட்டின் தடிமன் எண்), அதாவது 1.22 மில்லிமீட்டர். தேயாத இடம் ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்கும், ஒரு வாஷருக்கு அடியில், பெயின்ட்டுக்கு அடியில். அங்கே அளக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், பாகத்தை மட்டும் அளக்காமல் அது உட்காரும் இடத்தை அளப்பது. ரப்பரில் இது நன்றாகத் தெரியும். பழைய ரப்பர் காய்ந்து சுருங்கி இறுகியிருக்கும். அதே அளவில் புதிதாகச் செய்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே வரும். ரப்பர் போகும் காடியை அளந்து அதிலிருந்து கணக்கிடுங்கள். கண்ணாடி ஓரத்துக்கு ஈபிடிஎம் என்ற ரப்பர் நல்லது, நம் ஊர் வெயிலைத் தாங்கும். ஆனால் அதே ரப்பரைப் பெட்ரோல் படும் இடத்தில் போட்டால் ஊறிப் பெருத்துவிடும், அங்கே நைட்ரைல் ரப்பர்தான்.

கைபேசியில் படமெடுத்து அதிலிருந்து அளவு எடுப்பவர்கள் கிட்டப்போய் எடுக்காதீர்கள். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, ஸூம் செய்து, பாகத்தின் அதே தளத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுங்கள்.

இரண்டாவது முறை கையைச் செய்தபோது மாதிரியை ஸ்கேன் செய்து, கணினியில் கண்ணாடிபோலப் புரட்டி, 101.5 சதவீதமாகப் பெரிதாக்கி, மரை போடும் முகங்களில் மட்டும் 2 மில்லிமீட்டர் கூடுதல் சதை வைத்து 3டி பிரிண்ட் எடுத்தோம். அந்த பிஎல்ஏ (3டி பிரிண்டருக்கான ஒரு பிளாஸ்டிக்) அச்சைத்தான் அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் அதையும் ஒரு முறை கெடுத்தேன். மத்தியானம் திறந்தவெளிக் கார் நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு, அச்சை டாஷ்போர்டு மேல் வைத்துச் சாப்பிடப் போனேன். பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். திரும்பி வந்தபோது நுனி லேசாகத் தலை குனிந்திருந்தது. அந்த மாதிரி வளைவு கண்ணுக்கு எளிதில் தெரியாது, வார்த்து வந்த பிறகுதான் தெரியும். மாமா கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்த்ததால் தப்பித்தோம். இப்போது அச்சுகள் எல்லாம் என் வீவக வீட்டின் பாம் ஷெல்டரில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வண்டியிலேயே நிரந்தரமாக இருக்கப்போகும் பிளாஸ்டிக் பாகம் என்றால் பிஎல்ஏ வேண்டாம், ஏஎஸ்ஏ போன்ற ஒன்றைப் பாருங்கள்.

சிலிக்கோன் அச்சு எடுப்பவர்களுக்கு ஒரு வரி: பிளாட்டினம் வகை சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணோ லேடக்ஸ் கையுறையோ பட்ட இடம் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். முதலில் ஒரு மூலையில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள்.

மரை கழன்ற கதை

ஒருநாள் டாஷ்போர்டுக்குப் பின்னால் பழைய மீட்டர் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நட் குறைந்தது. டப்பாவில் எம்6 (6 மில்லிமீட்டர் மெட்ரிக்) நட் இருந்தது. வைத்துத் திருகினேன். இரண்டு சுற்று வெண்ணெய் மாதிரி போனது. மூன்றாவதில் பிடித்தது. ஸ்பேனரை எடுத்தேன்.

"கை சொல்லுதுல்ல, நிறுத்து" என்றார் மாமா, தலையைக்கூடத் தூக்காமல்.

அது 0பிஏ மரை, பழைய பிரிட்டிஷ் மரை அளவுகளில் ஒன்று. விட்டம் 6 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், எல்லாம் எம்6 போலவே. ஆனால் பல்லின் கோணம் 47.5 டிகிரி, எம்6க்கு 60. இன்னும் அரைச் சுற்று முறுக்கியிருந்தால் வேறெங்கும் கிடைக்காத அந்த மீட்டரின் கம்பி போயிருக்கும். கால் அங்குல விட்வொர்த்தும் (பழைய பிரிட்டிஷ் மரை) கால் அங்குல யுஎன்சியும் (அமெரிக்க மரை) இதே ரகம்: இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 பல், கோணம் 55, 60. பிரிட்டிஷ் நுண்மரையான கால் அங்குல பிஎஸ்எஃப் என்றால் 26 பல்.

இதில் டிசிக்கு என்று தனிக் குசும்பு ஒன்று இருக்கிறது. மோரிஸ் நிறுவனம் 1923இல் கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தொழிற்சாலையை வாங்கியது. இயந்திரங்கள் மெட்ரிக். அதனால் அந்தப் பரம்பரையில் வந்த எஞ்சினில் மரை மெட்ரிக்காகவும், போல்ட்டின் தலை ஆங்கிலேய விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்றதாகவும் இருக்கும். தலையைப் பார்த்து மரையை முடிவு செய்தால் மரை கழன்றது போல்ட்டுக்கா நமக்கா என்று தெரியாமல் போகும். மரையின் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மரை கேஜ் இரண்டு, 55 டிகிரிக்கு ஒன்று 60க்கு ஒன்று, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் மெட்ரிக் எளிதாகக் கிடைக்கும். மரை வெட்டும் பிஏ, பிஎஸ்எஃப் டேப்புகளை முன்கூட்டியே வெளியிலிருந்து வரவழைத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் அவசரப்பட்டால்தான் எம்6 கைக்கு வரும்.

முலாம், மரம், மற்றவை

குரோம் என்பது பெயின்ட் மாதிரி கீறலை மூடும் என்று நினைப்பது பரவலான தவறு. மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடியில் உள்ள நிக்கலும் செம்பும்தான் கனம். அடியில் கீறல் இருந்தால் அது பளபளப்பான கீறலாக மாறும், அவ்வளவுதான். மெருகேற்றக் கொடுக்கும்போது எழுத்து, வரி உள்ள இடங்களைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் வழவழவென்று திரும்பும். 1920களின் நடுவில் வந்த காரைச் செய்பவர்கள் குரோமே போடாதீர்கள். அப்போது நிக்கல்தான், கொஞ்சம் மஞ்சள் சாயலுள்ள வெளிச்சம். பார்த்த உடனே விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

டிசியின் உடல் ஆஷ் மரச் சட்டத்தில் தகடு போர்த்தியது. குளிர்நாட்டுக்காக உலர்த்திய மரத்தை இங்கே கொண்டுவந்து, ஏர்கான் அறையில் இழைத்து, கதவு இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்கு வைத்தோம். பட்டறைக்குக் கொண்டுவந்து மூன்று வாரத்தில் கதவு திறக்கவில்லை. நம் ஊர் ஈரக்காற்றைக் குடித்து மரம் ஊதியிருந்தது. வண்டி எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே மரத்தைச் சில வாரம் போட்டுவைத்து, அப்புறம் இழையுங்கள்.

விளக்குகளுக்கு சிம் லிம் டவரில் எல்இடி வாங்கிப் போட்டோம், எரியவில்லை. டிசியில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். சாதாரணப் பல்புக்குக் கவலை இல்லை, எல்இடிக்கு உண்டு, முனை மாறினால் எரியாது.

பிரேக், ஸ்டியரிங், சக்கர அச்சு ஆகியவற்றை மட்டும் நாங்கள் செய்யவில்லை, வாங்கினோம். "காட்சிக்குத்தானே" என்று சிலர் இவற்றையும் வார்க்கிறார்கள். காட்சிக்கு வைக்கும் வண்டியும் லாரியின் சரிவுப் பலகையில் ஏறி இறங்க வேண்டும், பின்னால் நின்று தள்ளுவது யாராவது ஒரு மனிதர்.

சாலையில் ஓட்டும் ஆசை இருந்தால், முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். கிளாசிக் வாகனத் திட்டத்துக்கு வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். போன வருடம் நாம் செய்ததற்குத் தோற்றத்தால் வயது கூடாது. எங்கள் வண்டி ஓடப்போவதில்லை என்பதை மாமா முதல் நாளே ஏற்றுக்கொண்டார். அதனால்தான் இன்னும் சந்தோஷமாகச் செய்கிறார்.

வலப்பக்கக் கை போன மாதம் பொருந்தியது, அரம் கூடத் தேவைப்படவில்லை. அதே வாரம் பட்டறைக்கு வந்த ஒருவர் ஆணியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார். அவரிடம் வலது மட்டும் இருக்கிறதாம், இடதுக்கு மாதிரி தேடி அலைகிறாராம். மாமா அதைக் கழற்றி, பின்பக்கம் ஆணியால் "2 மிமீ குறைவு" என்று கீறி, திரும்பவும் சுவரில் மாட்டிவிட்டார். அசல் இடப்பக்கக் கையைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்து, "அளந்துட்டுத் திருப்பிக் கொண்டாங்க" என்றார்.